அரைக் கட்டை தூக்கி எழுதியவர்

பத்து மணிக்கு ஒலிப்பதிவு தொடங்கியது. பத்து ஏழுக்கு, முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்த டீச்சருக்கு ஏதோ தப்பு என்று தெரிந்தது.

பதினான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வயலின், இரண்டு வயோலா, மூன்று செலோ, ஒரு டபுள் பாஸ், ஊதுவதற்கு ஓர் ஓபோ, ஒரு ஹார்ன். எல்லோர் காதிலும் ஹெட்போன். அதில், கிட்டாரும் டிரம்ஸுமாகப் பாடும் ஒரு நால்வர் குழு முன்பே பதிவு செய்துவிட்டுப் போன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் இவர்கள் வாசித்துச் சேர்க்க வேண்டும். இரண்டாவது வரி முடிவதற்குள் முதல் வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார். ஓபோக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, அதுதான் குற்றவாளி என்பது போல் முறைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண்ட்ரோல் ரூமில் நின்ற நால்வரும் சொத்தைப் பல்லில் ஐஸ் பட்டது மாதிரி ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள்.

"டீச்சர்," என்றார் முதல் வயலின்காரர், "நாங்க ஒரு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கோம். பாட்டு வேற ஊருக்குப் போகுது."

டீச்சர் கையைக் கீழே போட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் எழுதிக் கொடுத்த நோட்ஸ் மூன்று கட்டை சுருதியில் இருந்தது. பாட்டு இரண்டரைக் கட்டையில் இருந்தது. வித்தியாசம் அரைக் கட்டைதான். பியானோவில் அடுத்தடுத்த வீடு. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒலித்தால் கேட்பது அடுத்தடுத்த வீட்டுச் சண்டை.

தப்பு எங்கே நடந்தது என்பதும் அடுத்த நொடியே விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அந்தக் கூடம் ஒரு மணி வரைக்கும்தான் அவர்களுடையது. அதற்குள் மூன்று பாட்டு முடிய வேண்டும். முடியாவிட்டால் மீதி ஆல்பத்தை வேறொருவர் புதிதாக எழுதுவார். அந்த வேறொருவர் யார் என்பதையும் குழுவின் மேனேஜர் முடிவு செய்து வைத்திருந்தார்.

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டது அவர் உண்மையிலேயே டீச்சர் என்பதால். வார நாட்களில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வகுப்பு. நாற்பது பிள்ளைகள், இருபத்திரண்டு ரெக்கார்டர் குழல், மின்விசிறி இல்லாத அறை. சனி, ஞாயிறில் யாராவது வயோலா வாசிக்கக் கூப்பிட்டால் போவார். வயோலா என்றால் வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் தாழ்ந்த குரல். பள்ளி நாளில் வாத்தியம் பங்கு போட்டபோது வயலின் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கடைசியில் நின்ற இவருக்கு யாரும் சீண்டாத அந்தத் தடிவயலின் மிஞ்சியது. அதையே இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறார்.

வயோலாக்காரர்களைக் கேலி செய்யாத வாத்தியக் குழு உலகத்தில் கிடையாது. "உங்க பெட்டியை ஏன் எப்பவும் பூட்டறதே இல்ல?" "திருடன் வந்தா பாத்துட்டு, பாவம்னு இன்னொண்ணு வெச்சுட்டுப் போவான்." இப்படி. ஆனால் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். வயலினுக்கும் செலோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும். மேலே மெட்டு எங்கே போகிறது, கீழே அடித்தளம் எங்கே தாங்குகிறது, நடுவில் எது ஓட்டை என்று இருபத்தாறு வருஷம் காதால் பார்த்தவர் டீச்சர். அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத படிப்பு.

அந்த நால்வர் குழுவின் முதல் ஆல்பம் வெறும் கிட்டாரும் டிரம்ஸும் கத்தலும். இளசுகள் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவதில் ஒரே ஒரு பாட்டுக்கு, பணக்காரத்தனமாக இருக்கட்டும் என்று, நான்கு பேரைக் கூப்பிட்டு நீட்டி நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். நான்கில் ஒருவர் டீச்சர். இடைவேளையில் டீக் கோப்பையோடு நின்றபோது, பாடகனிடம் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டார்.

"தம்பி, நாலு பேரைக் கூப்பிட்டு வாசல்ல நிக்க வெச்சிருக்கீங்க. உள்ள வந்து நடமாட விட்டா என்ன?"

பாடகன் சிரித்தான். மூன்று மாதம் கழித்து அவனே போன் செய்தான். "அக்கா, அடுத்த ஆல்பம் பூரா வாத்தியக்காரங்களை நடமாட விடலாம்னு இருக்கோம். நீங்க எழுதறீங்களா?"

எழுதினார். பள்ளி முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் எண்ணெய்த் துணியை உருவிப் போட்டுவிட்டு, ஏழு பாட்டுக்கு எழுதினார். செலோவை மெட்டுக்கு எதிராக நடக்க விட்டார். ஹார்னை ஒரு பாட்டில் மூன்றே மூன்று சுரம் வாசிக்க வைத்தார்; அந்த மூன்றுக்காகவே அந்தப் பாட்டு காத்திருப்பது போல இருக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள், எல்லாம் தன் கையெழுத்து. கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆல்பத்தின் அட்டையில் "இசைக்கோர்ப்பு" என்று ஒரு வரி இருக்கும் அல்லவா, அந்த வரி தனக்கு வேண்டும். பாடகன் "அதுக்கென்னக்கா" என்றான். மேனேஜர் "மொத நாள் ஒழுங்கா முடியட்டும் மேடம், பாத்துக்கலாம்" என்றார்.

அந்த முதல் நாள்தான் இது.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, இடுப்பில் சாவிக் கொத்து. நடந்தால் வண்டிமாடு வருவது போல் சத்தம்.

"என்ன மேடம் இது? காது கொடுத்துக் கேக்க முடியல."

"சுருதி மாறியிருக்கு சார். எனக்கு முன்னாடி கொடுத்த ஒத்திகை டேப்புல பாட்டு மூணு கட்டை. அப்பவும் சந்தேகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மூணுதான்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

டீச்சர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். நால்வரில் ஒருவனான பேஸ் கிட்டார்காரன் குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஊர் ஊராகப் பாடிப் பாடிப் பாடகனுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. உச்சிக்கு எட்டவில்லை. அதனால் பாட்டைப் பதிவு செய்வதற்கு முன் எல்லாக் கிட்டாரின் எல்லாத் தந்தியையும் அரைக் கட்டை இறக்கிக் கட்டிவிட்டார்கள். விரல் பழைய இடத்தில்தான் விழும், விரல்பிடிப்புக்கும் பழைய பெயர்தான், சத்தம் மட்டும் கீழே. கிட்டார்காரனுக்கு விரல் வைக்கிற இடம்தான் சுருதியின் பெயர். போனில் கேட்டதும் அவன் விரலைப் பார்த்து "மூணுதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை.

"எழுதினது நீங்க," என்றார் மேனேஜர். "பாட்டு கையில இருக்கு, காது இருக்கு. சரி பாக்க வேண்டியது யாரு?"

பேஸ்காரன் வாயைத் திறக்கவில்லை. டீச்சருக்குக் கோபம் நெஞ்சு வரை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

"பஞ்சாயத்து அப்புறம் சார். மொதல்ல வழியைப் பாப்போம்."

வழி என்று பார்த்தால் ஒன்றும் உருப்படியாக இல்லை. தாள்களை அரைக் கட்டை இறக்கித் திரும்ப எழுதலாம். பதினான்கு பேருக்கு எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகும். பார்த்தபடியே மனதில் இறக்கி வாசிக்கலாம். பதினான்கு பேரில் மூன்று பேரால் முடியும். வயலின் தந்திகளை இறக்கிக் கட்டலாம். நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தந்தியே இல்லாத ஓபோவையும் ஹார்னையும் எதைத் திருகி இறக்குவது?

"வேணும்னா பாடகரைத் தூக்கிக் கட்டுங்க," என்றார் ஹார்ன்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் வகுப்பில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. பேட்டரி தீரத் தீரப் பாட்டு மெதுவாகும். மெதுவாக ஆக ஆகச் சுருதியும் இறங்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தூங்குகிற மாதிரி நடிப்பார்கள். மெதுவானால் இறங்கும் என்றால், வேகமானால் ஏறும்.

நேரே கண்ட்ரோல் ரூமுக்குப் போனார். ஒலிப்பதிவாளர், எந்நேரமும் பல்குச்சியை மென்றுகொண்டிருக்கும் கனத்த மனிதர், நாற்காலியைத் திருப்பினார்.

"இந்த மெஷின்ல வேகத்தைக் கூட்ட முடியுமா?"

"குமிழ் இருக்கு. பத்து சதவீதம் வரைக்கும் போகும். எதுக்கு?"

"ஆறு சதவீதம் போதும். கொஞ்சம் குறைச்சல். அஞ்சே முக்காலுக்கு மேல, ஆறுக்குக் கீழ." கணக்கு அவர் வாயிலேயே இருந்தது. "பாட்டை வேகமா ஓட விடுங்க. அது அரைக் கட்டை ஏறி எங்க சுருதிக்கு வந்துடும். நாங்க அது மேல எழுதினபடி வாசிக்கறோம். எல்லாம் பதிவானதும் வேகத்தைப் பழையபடி குறைங்க. பாட்டு தன் இடத்துக்குப் போயிடும். நாங்களும் அதோட இறங்கிடுவோம்."

பல்குச்சி நின்றது. "தலைகீழாப் போனாலும் சரியாத்தான் வருது," என்றார் அவர்.

"இதெல்லாம் விளையாட்டா மேடம்?" என்றார் மேனேஜர்.

"பெருக்கல் சார்," என்றார் டீச்சர்.

ஓபோக்காரரை மூன்று கட்டை சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். ஒலிப்பதிவாளர் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பேஸ் கிட்டாரின் ஒலி ஏறி ஏறி ஓபோவின் பக்கத்தில் வந்து, உரசி, நடுங்கி, ஒட்டிக்கொண்டது. எல்லோர் காதிலும் அந்த நடுக்கம் நின்றது. பத்து ஐம்பத்தைந்து.

ஹெட்போனில் பாடகனின் குரல் இப்போது பத்து வயதுப் பையன் குரல் போல் கீச்சென்று வந்தது. காதலி கைவிட்டுப் போன சோகத்தை அந்தக் குரல் பாடப் பாட செலோக்காரிக்குத் தோள் குலுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பாடகனின் முகம் சிவந்தது.

"யாராவது சிரிச்சா மறுபடியும் எடுக்கணும்," என்றார் டீச்சர். "எனக்கும் சிரிப்பு வருது. ஒரு மணிக்கு மேல சேர்ந்து சிரிப்போம்."

வாசித்தார்கள். இரண்டாம் தடவையில் சரியாக அமைந்தது. பிறகு ஒலிப்பதிவாளர் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஓட விட்டார்.

வயலின்கள் வயலின் போலவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நெஞ்சுக்கூடு விரிந்தது போல் ஒலி தடித்து, இருண்டு, நிதானமாக வந்தது. விரல் நடுக்கம்கூட மெதுவாகி, மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது. ஹார்னின் மூன்று சுரமும் ஏதோ பெரிய கட்டடத்தின் கதவு திறப்பது போல் ஒலித்தன. நான்கு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்த குழு, அந்த மூன்று நிமிடத்தில் வேறொரு குழுவாகிவிட்டது. பாடகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது மனுஷன் செஞ்ச மாதிரியே இல்ல," என்றான்.

அப்போது டீச்சர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். மற்ற இரண்டு பாட்டுக்குத் தாளும் சுருதியும் ஒத்திருந்ததால் அவை சுருக்கில் முடிந்தன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசிச் சுரம் அடங்கியது.

மூன்று நாள் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. மேனேஜரின் கையெழுத்து, முத்திரை, ஆல்பம் வெளியிடும் நிறுவனத்துக்கு ஒரு நகல். "இந்த ஆல்பத்தின் இசைக்கோர்ப்பாளராகிய தாங்கள் பாடலைத் தவறான சுருதியில் எழுதியதால் ஐம்பத்தைந்து நிமிடம் வீணாயிற்று. இதற்கான முழுப் பொறுப்பும் இசைக்கோர்ப்பாளர் என்ற முறையில் தங்களையே சாரும்."

டீச்சரின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அந்தப் பையன் தப்பாச் சொன்னான்னு எழுதிப் போட வேண்டியதுதானே?"

"எழுத்துல என்ன இருக்கு, போன்ல சொன்னது."

"அப்ப இந்தக் காகிதத்தைப் பத்திரமா வெச்சுக்க."

"எதுக்குங்க? என்னைத் திட்டி எழுதின காகிதத்தை பிரேம் போடவா?"

"கையெழுத்து போட்ட காகிதம் எதையும் நான் தூக்கிப் போடறதில்ல. லிப்ட்ல மாட்டிக்கிட்டவன் திட்டி எழுதினது உள்பட." அவரே அதை மடித்து வயோலாப் பெட்டியின் வெல்வெட் மடிப்புக்குள் செருகினார்.

அதே வாரம் மேனேஜரே போனில் வந்தார். குரலில் வெண்ணெய். "மேடம், மிச்சம் நாலு பாட்டுக்கும் அதே மாதிரி சத்தம் வேணும்னு பசங்க ஒத்தக்கால்ல நிக்கறாங்க. எல்லாத்தையும் அரைக் கட்டை தூக்கி எழுதிடுங்களேன். அன்னிக்கு மாதிரியே."

"அன்னிக்கு அது தப்புன்னீங்களே சார்."

"அது அன்னிக்கு."

நான்கு பாட்டு, ஐம்பத்தாறு தாள். டீச்சர் எல்லாவற்றையும் அரைக் கட்டை தூக்கித் திரும்ப எழுதினார். விரல் வீங்கியது. பள்ளியில் கரும்பலகையில் எழுத முடியாமல் பிள்ளைகளை எழுத வைத்தார்.

அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் ரேடியோவில் பாடகனின் பேட்டி வந்தது. புது ஆல்பத்தில் இருந்து அந்த ஒரு பாட்டை முன்கூட்டியே போட்டார்கள். பேட்டி எடுத்தவர் உருகிப் போனார். இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"என்னன்னு சொல்றது," என்றான் பாடகன். "கண்ணை மூடினேன். மேலேருந்து வந்துச்சு. நாங்க வெறும் கருவி."

டீச்சரின் பேனா தாளில் நின்று மை ஊறியது.

வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்தினார். "மேலேருந்து தானா வர்றது ஒண்ணே ஒண்ணுதான். லிப்ட். அதுவும் நான் போய் கிரீஸ் போட்டாத்தான் வரும்."

டீச்சர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உழைத்தவன் கையை மறைக்க மனிதன் கண்டுபிடித்த போர்வைகளில் இதைவிடப் பெரியது இல்லை. கட்டினவன் பெயர் தெரியாத கட்டடத்துக்கெல்லாம் ஒரே இரவில் எழும்பியது என்று ஒரு கதை இருக்கும். கல் சுமந்தவன் தோளைக் கேட்டால் எத்தனை இரவு என்று சொல்லும். மேலே இருப்பவர் கையெழுத்துப் போடமாட்டார், அட்டையில் வரி கேட்கமாட்டார், விரல் வீங்கி நிற்கமாட்டார். அதனால்தான் பெருமையை அவர் தலையில் கட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

இரண்டாவது ஒலிப்பதிவு, ஒரு சனிக்கிழமை. அதே கூடம், அதே பதினான்கு பேர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டீச்சர் ஹெட்போனைக் கேட்டு வாங்கக் கண்ட்ரோல் ரூமுக்குள் போனார். மேஜைமேல், டீக் கோப்பைக்கு அடியில், ஆல்பத்தின் அட்டைக்கான மாதிரி கிடந்தது. அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய கடைசி நகல். மேலே பேனாவில் "இன்று 12 மணி" என்று குறித்திருந்தது. கோப்பையை நகர்த்திவிட்டுப் படித்தார்.

இசைக்கோர்ப்பு: குழுவினர்.

கீழே, பொடி எழுத்தில், உதவியவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் டீ கொடுத்தவருக்கும் வேன் ஓட்டுநருக்கும் நடுவில் டீச்சர் இருந்தார்.

டீ கொடுத்தவர்மேல் அவருக்கு வருத்தம் இல்லை. அவர் உண்மையிலேயே டீ கொடுத்தார். வேன்காரர் உண்மையிலேயே வேன் ஓட்டினார். குழுவினர் எதைக் கோர்த்தார்கள்?

அந்த நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு டீச்சர் கூடத்துக்குத் திரும்பினார். வயோலாப் பெட்டியைத் திறந்து மடிப்பிலிருந்த கடிதத்தை எடுத்தார். ஐம்பத்தாறு தாளும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, நடத்துகிறவர் நிற்கவேண்டிய மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினான்கு ஸ்டாண்டும் காலியாக நின்றன.

பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து.

"டீச்சர்," என்றார் முதல் வயலின்காரர், மெதுவாக. "நோட்ஸ்?"

"வரும். ஒரு வரி மாறணும், அது மாறினதும் வரும்."

ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் கேட்டது. "என்ன மேடம் ஆச்சு?" அடுத்த நிமிடம் சாவிக் கொத்து சிணுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே நால்வரும் வந்தார்கள்.

டீச்சர் அட்டை நகலை நீட்டினார்.

"அட அது டிசைன்காரன் போட்டது மேடம். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்ப நேரம் போகுது."

"அடுத்த பதிப்பு வேணாம் சார். இது பன்னெண்டு மணிக்குத்தான் போகுது."

"குழுவோட ஆல்பத்துல குழு பேரைப் போடாம? ஜனங்க இவங்களுக்காகத்தான் வாங்கறாங்க. ஒரு ஸ்கூல் டீச்சருக்காகவா?"

செலோப் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. டீச்சர் கடிதத்தைப் பிரித்து, வகுப்பில் படிப்பது போல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார். "இந்த ஆல்பத்தின் இசைக்கோர்ப்பாளராகிய தாங்கள்." நிறுத்தினார். "இசைக்கோர்ப்பாளர் என்ற முறையில் தங்களையே சாரும்." மடித்தார்.

"ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களுது. கம்பெனிக்கு நகல் போயிருக்கு. தப்புக்கு நான்தான் சொந்தக்காரின்னா, அந்தத் தப்பு கொடுத்த சத்தத்துக்கும் நான்தான் சொந்தக்காரி. திட்டும்போது மட்டும் நான் இசைக்கோர்ப்பாளர், அட்டையில நான் டீக்காரருக்குப் பக்கத்துல. எந்த ஊர் நியாயம் சார் இது? உங்க வார்த்தையைத்தான் அச்சுல போடச் சொல்றேன். புதுசா ஒண்ணும் கேக்கல."

மேனேஜருக்கு முகம் வேர்த்தது. "தாளைக் குடுக்கலைன்னா குடுக்காதீங்க. பசங்களுக்குத் தெரியாத சங்கதியா? அவங்களே சொல்லிக் கொடுத்து வாசிக்க வைப்பாங்க."

"ரொம்ப நல்லது," என்றார் டீச்சர். பாடகன் பக்கம் திரும்பினார். "தம்பி, மேலேருந்து வந்துச்சுன்னு ரேடியோவுல சொன்னீங்க. இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. பதினாலு பேரும் காத்திருக்கோம்."

முதல் வயலின்காரர் வில்லைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராகப் பதினான்கு பேரும் வாத்தியத்தை எடுத்துத் தயாராக வைத்தார்கள். ஹார்ன்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் பாடகனைப் பார்த்தார்கள்.

பாடகன் தொண்டையைச் செருமினான். செலோக்காரியிடம் போய் எதையோ முனகிக் காட்டினான்.

"சரிங்க," என்றாள் அவள், மரியாதையாகவே. "இது மெட்டு. பாட்டுல நீங்களே பாடறது. எனக்கு என்ன? எனக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன? எங்க ஆரம்பிக்கணும், எங்க விடணும்?"

பாடகன் டிரம்மரைப் பார்த்தான். டிரம்மர் சுவரைப் பார்த்தான். பத்து முப்பத்தைந்து.

"மூணு கட்டைன்னு சொன்னது நான்தான்."

பேஸ் கிட்டார்காரன் பேசியது யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவன் ஷூவைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துப் பேசினான். "அக்கா போன் பண்ணிக் கேட்டாங்க. இறக்கிக் கட்டினதைச் சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு இவர் கத்தும்போது வாயைத் திறக்கல. கடுதாசி போட்டது தெரிஞ்சும் திறக்கல. எனக்கு நோட்ஸே படிக்க வராதுக்கா. நாங்க என்ன கோர்த்தோம்? ஒண்ணும் கோர்க்கல." பாடகனிடம் திரும்பினான். "டேய், போன் பண்ணு."

"யாருக்குடா?"

"அச்சாபீஸுக்கு. மேலேருந்து வராது, நீதான் பண்ணணும்."

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். பாடகன் அவரைப் பார்க்காமலே கை காட்டி நிறுத்தினான். காது வரை சிவந்திருந்தான். கண்ட்ரோல் ரூம் போனின் கம்பி நீளம் போதாததால் ஒலிப்பதிவாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேச வேண்டியிருந்தது. "ஆமாங்க. இசைக்கோர்ப்புன்னு இருக்கற எடம். குழுவினர்ங்கறதை எடுத்துடுங்க." டீச்சரின் பெயரை நிதானமாகச் சொன்னான். அந்தப் பக்கத்தில் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டான். "ஆமா. அவங்க மட்டும்தான்."

டீச்சர் உட்கார்ந்தே இருந்தார். "மேனேஜர் சாரும் நகல்ல திருத்திக் கையெழுத்து போட்டுடட்டும். அவர் கையெழுத்துக்கு மதிப்பு ஜாஸ்தி."

மேனேஜர் பையிலிருந்த இரண்டு பேனாவில் எதை எடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு திருத்தி, கையெழுத்துப் போட்டார். டீச்சர் அதை ஒருமுறை படித்துவிட்டு எழுந்தார். ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய்த் தாளை வைத்தார். பேஸ்காரன் பாதியை வாங்கி உதவ வந்தான், கொடுத்தார்.

"நாப்பத்தஞ்சு நிமிஷம் போச்சு," என்றார் முதல் வயலின்காரர். "நாலு பாட்டு முடியுமா டீச்சர்?"

"முடியும்." டீச்சர் மேடையில் ஏறிக் கையைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் பல்குச்சி மனிதர் குமிழின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஆறு சதவீதம் வேகமாத்தானே வாசிக்கப் போறோம்."

ஓபோ சுருதியைப் பிடித்தது.